விழுந்தவன் என்ன ஆனான்? ‘வலிமை’ படத்தின் சண்டைக்காட்சிகளும் திரைக்கதையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. ஹெச். வினோத் எழுதி இயக்கி, போனி கபூர் தயாரித்து, அஜித்குமார் நடித்த ‘வலிமை’ அன்றுதான் வெளியானது. அந்த ஆண்டுப் பொங்கலையொட்டி ஜனவரி 13இல் வரவேண்டிய படம், கொரோனாப் பரவல் மீண்டும் தலைதூக்கியதால் தள்ளிப்போயிருந்தது. அஜித்தின் முந்தைய படம் 2019 ஆகஸ்டில் வந்தது என்பதால், இரண்டரை ஆண்டுகள் காத்திருந்த கூட்டம் மதுரைத் திரையரங்குகளின் வாசலில் விடிவதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து முதல் நாள் காலைக் காட்சியைப் பார்த்தேன். திரையில் பைக்குகள் சீறியபோதெல்லாம் அரங்கு எழுந்து நின்றது. வீட்டுக் காட்சிகள் தொடங்கியதும் ஒவ்வொருவராக முறுக்குப் பொட்டலம் வாங்க வெளியே போனார்கள், செல்பேசி வெளிச்சங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. மூன்று மணி நேரத்தில் இது பலமுறை நடந்தது.

வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: “ஃபைட்டு பிரமாதம், கதைதான் இல்ல.” இந்தத் தீர்ப்பை நாம் எத்தனையோ படங்களுக்குச் சொல்லியிருக்கிறோம். சண்டைக்கு ஒரு மதிப்பெண், கதைக்கு ஒரு மதிப்பெண், இரண்டையும் கூட்டி வகுத்தால் படத்துக்கு ஒரு மதிப்பெண் என்று கணக்குப் போடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. காட்சி ஊடகப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தப் படத்தை வகுப்பில் மூன்று முறை எடுத்துப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு தவறு என்ற எண்ணமே உறுதிப்பட்டது. ‘வலிமை’யில் சண்டைக்காட்சிகளுக்கு வேண்டிய கதை இருக்கிறது. அது வசனத்தில் இருக்கிறது, சண்டைக்குள் வரவில்லை. திறமையான கலைஞர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்துக்கொடுத்த காட்சிகள் நம் நினைவில் கதையாகத் தங்காமல் துண்டுப் படங்களாகத் தங்குவதற்கு இதுவே காரணம் என்பது என் வாதம்.

மதுரையிலிருந்து சென்னைக்கு

கதாநாயகன் அர்ஜுன் மதுரையில் உதவி ஆணையர். திருவிழாக் கூட்டத்தின் நடுவே அவர் அறிமுகமாகிறார். சென்னையில் பைக்கில் வரும் கும்பல் ஒன்று சங்கிலி பறிக்கிறது, போதைப்பொருள் கடத்துகிறது, கூலிக்குக் கொலையும் செய்கிறது. அங்கே மாற்றலாகிப் போகும் அர்ஜுன், ஓர் இளைஞனின் தற்கொலையை விசாரிக்கப் போய் அந்தக் கும்பலின் தடத்தைப் பிடிக்கிறார். கார்த்திகேயா நடித்த நரேன் கும்பலின் தலைவன். வேலையில்லாத பட்டதாரி இளைஞர்கள்தாம் அவன் படை. இதற்கு இணையாக அர்ஜுனின் வீடு: அம்மா, குடிக்கு அடிமையான அண்ணன், படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் தம்பி. அந்தத் தம்பியும் கும்பலில் ஒருவன் என்று பின்னர் தெரியவருகிறது. இறுதிப் பகுதியில் குடும்பமே பணயமாகிறது.

இத்தனை சரக்கையும் தூக்கிச் சுமக்கக்கூடிய ஒரு கருத்து படத்தில் உண்டு. அர்ஜுன் என்கவுன்டரை ஏற்காதவர். குற்றவாளியின் உயிரையும் உயிராக மதிப்பவர். தமிழ் சினிமாவில் காவல்துறை நாயகர்கள் துப்பாக்கியால் தீர்ப்பு எழுதி நாம் கைதட்டிப் பழகிவிட்ட காலத்தில், அதுவும் அரிவாளையும் சுமோவையும் தவிர வேறெதையும் மதுரைக்குக் கொடுக்காத திரைப்படங்கள் வரிசையாக வந்துபோன பிறகு, ‘கொல்ல மாட்டேன்’ என்று சொல்லும் ஓர் அதிகாரி மதுரையிலிருந்து கிளம்புகிறார் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. சண்டைக்காட்சி அமைப்பவருக்கு இதைவிட நல்ல நிபந்தனை கிடைக்காது. எதிரி கொல்ல வருகிறான். இவரோ அவனைக் கொல்லாமல் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு அடியிலும் ஒரு கை கட்டப்பட்டவராகவே சண்டையிட வேண்டும்.

இதை நான் புரிந்துகொண்டது சினிமா தெரிந்தவர்களிடமிருந்து அல்ல. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் இருக்கிறார். சித்திரைத் திருவிழாவில் பல ஆண்டுகள் பந்தோபஸ்து பார்த்தவர். படத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “தம்பி, திருவிழாவுல லத்தியத் தூக்கவே கூடாது” என்றார். ஏன் என்று கேட்டேன். “முன்னால நிக்கிறவன் அடிக்குப் பயந்து பின்னால சாய்வான். பின்னால நிக்கிறவனுக்கு என்ன நடக்குதுன்னு தெரியாது, அவன் முன்னால தள்ளுவான். நடுவுல பிள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான் பாருங்க, அவன் செத்தான்.” பிக்பாக்கெட்காரனைக் கண்ணால் பார்த்தாலும் உடனே பாய மாட்டார்களாம். இரண்டு பேர் இருபக்கமும் ஒட்டி நடந்து, தோளில் கைபோட்டு, கூட்டம் இளகும் சந்து முனை வரை சிரித்துப் பேசியபடியே கூட்டிக்கொண்டு போய், அங்கே வைத்துத்தான் மணிக்கட்டைப் பிடிப்பார்களாம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். கட்டைவிரல் நரம்பின் மீது இருந்தது. பிடித்ததே தெரியவில்லை, ஆனால் கையை அசைக்க முடியவில்லை.

அவர் சொன்னதன் பொருள் படம் வந்த இரண்டே மாதத்தில் ஊருக்கே விளங்கியது. இரண்டு ஆண்டு ஊரடங்குக்குப் பிறகு பக்தர்களோடு நடந்த சித்திரைத் திருவிழாவில், 2022 ஏப்ரல் 16 அன்று கள்ளழகர் வைகையில் எழுந்தருளிய வேளையில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்துபோனார்கள். கூட்டத்தின் நடுவே ஒருவரையும் காயப்படுத்தாமல் ஒருவனைப் பிடிப்பது எத்தனை பெரிய சாகசம் என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படமோ இந்தச் சாகசத்தைக் கையில் வைத்திருந்தும், நாயகனின் முகத்தை எப்போது காட்டுவது என்பதிலேயே அக்காட்சியின் கவனத்தைச் செலவிட்டுவிட்டு, பாட்டுக்குப் போய்விடுகிறது.

தலைக்கவசம்

சண்டைக்காட்சிகளின் தரத்தைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஸ்டண்ட் மாஸ்டர் திலிப் சுப்பராயன், ஒளிப்பதிவாளர் நீரவ் ஷா இருவரும் சேர்ந்து தமிழில் அதற்கு முன் காணாத அளவில் பைக் துரத்தல்களைப் படமாக்கினார்கள். பெரும்பகுதி உண்மையான சாலையில் உண்மையான வண்டிகள் ஓடுகின்றன என்பது பார்க்கும்போதே தெரிகிறது. வண்டி வளைவில் சாயும்போது டயர் நசுங்குவதும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கிப் பின்பக்கம் எழும்புவதும் கணினியில் வரைந்த காட்சியில் இப்படிக் கண்ணுக்குப் படியாது. என்னுடன் படம் பார்த்த பைக் மெக்கானிக் நண்பர் ஒருவர், முன்சக்கரம் மேலெழும் காட்சிகளில் ஓட்டுபவரின் வலது காலையே கவனித்துக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தைத் தூக்குவது கைப்பிடியில் இருக்கிறது. கவிழாமல் இறக்குவது பின்பிரேக்கின் மேல் இருக்கும் வலது காலில் இருக்கிறது. “நெசமாத்தான் ஓட்டுறாய்ங்கண்ணே” என்று இருட்டில் என் காதருகே சொன்னார். அவர் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆனால் இந்தக் காட்சிகளில் பெரும்பாலானோர் கருப்பு உடையும் முகம் மறைத்த தலைக்கவசமும் அணிந்தவர்கள். சண்டைக் கலைஞர்களுக்கு இது பெரிய வசதி. நடிகருக்குப் பதிலாகத் தேர்ந்த ஓட்டுநரை உட்கார வைக்கலாம், யார் டூப், யார் நடிகர் என்று ஒளிக்க வேண்டிய கோணங்கள் குறையும், பாதுகாப்பும் கூடும். கதைக்கு அதே தலைக்கவசம் பெரிய இழப்பாகிறது. துரத்துபவர்களில் யார் முன்னே வருகிறான், யார் தயங்குகிறான், யாருக்கு இது முதல் தடவை, யார் பணத்துக்காக வந்தவன் என்று எதுவும் தெரிவதில்லை. திரைக்கதை நினைத்திருந்தால் இதைச் சரிசெய்திருக்க முடியும். ஒரு வண்டியின் ஒலி வேறாக இருக்கலாம். ஒருவன் எப்போதும் இடப்பக்கமாக முந்துபவனாக இருக்கலாம். துரத்தலுக்கு முன் வரும் ஒரு காட்சியில் ஒருவனுடைய கையுறை கிழிந்திருப்பதை நாம் பார்த்திருக்கலாம். வேலையில்லாத இளைஞர்களின் கதை என்று படம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த இளைஞர்கள் மிக அதிகமாகத் திரையில் தோன்றும் நேரங்களில் அவர்களுக்கு முகமே இல்லை.

பேருந்து

படத்தின் உச்சமாக எல்லோரும் சொல்வது நெடுஞ்சாலைப் பேருந்துக் காட்சியை. ஓடிக்கொண்டிருக்கும் காவல்துறைப் பேருந்தைப் பைக்குகள் சூழ்ந்துகொள்கின்றன. வேகம், நெருக்கம், பக்கவாட்டில் ஒட்டி வரும் வண்டிகள், உலோகம் உரசும் ஒலி என எல்லாம் சேர்ந்து அரங்கை அதிரவைத்தன. நானும் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

வகுப்பில் இக்காட்சியைத் திரும்பப் போட்டபோது மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை முன்வைத்தேன்: விழுந்தவன் என்ன ஆனான்? நெடுஞ்சாலை வேகத்தில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுகிறவன் பிழைப்பது அரிது. எதிரியும் உயிர்தான் என்று நம்பும் அதிகாரி அந்தப் பேருந்தில் இருக்கிறார். அப்படியானால் ஒவ்வொருவன் விழும்போதும் அவருக்கு ஏதாவது நேர வேண்டும்: ஒரு கணத் தயக்கம், ஒரு தவறு, கையிலிருக்கும் ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுக்கும் முடிவு. விழுந்தவர்களின் பக்கம் கேமரா தங்குவதில்லை. அர்ஜுனின் கண்ணும் தங்குவதில்லை. அடுத்த பைக் வந்துவிடுகிறது. காட்சி முடிந்து அலுவலகத்துக்கு வந்ததும் கொள்கை மீண்டும் வசனமாகிறது. என்கவுன்டரை ஆதரிக்கும் ஒரு நாயகன் இருந்தாலும் அந்தப் பேருந்துக் காட்சியில் ஒரு ஷாட்டைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. பாத்திரம் மாறினாலும் மாறாத சண்டை, பாத்திரத்துக்காக எழுதப்பட்ட சண்டை ஆகாது.

இதே இயக்குநரும் இதே ஸ்டண்ட் மாஸ்டரும் சேர்ந்து 2017இல் கொடுத்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்திலும் ஒரு பேருந்துச் சண்டை உண்டு. 1995 முதல் 2005 வரை தமிழகத்தில் நெடுஞ்சாலையோர வீடுகளைச் சூறையாடிய வடஇந்தியக் கொள்ளைக் கும்பலைக் காவல்துறை பிடித்த உண்மை நடவடிக்கையை அடிப்படையாகக் கொண்ட படம் அது. அங்கே பேருந்துக்குள் இருப்பவர்கள் மொழி தெரியாத ஊரில், ஆள்பலம் குறைந்த நிலையில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு குழு. அவர்கள் எத்தனை நாள் அலைந்து, எத்தனை கைரேகையை ஒப்பிட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால் ஒரு கண்ணாடி உடைந்தால்கூட அது கதையில் விழும் அடியாக இருக்கிறது. செலவிலும் தொழில்நுட்பத்திலும் ‘வலிமை’யின் பேருந்துக் காட்சி அதைப் பலமடங்கு மிஞ்சியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் எனக்கு ஷாட் ஷாட்டாக நினைவில் இருப்பது பழைய பேருந்துதான்.

கதை குறைவா, கூடுதலா

சண்டைப் படத்துக்குக் கதை எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது. மெல்லிய கதையை வைத்துக்கொண்டு மிகச் சிறந்த சண்டைப் படங்கள் வந்திருக்கின்றன. நம் ஊருக்குத் தெரிந்த உதாரணம் 2004இல் வந்த ‘கில்லி’. கபடி விளையாட மதுரைக்கு வந்த ஒருவன், யாரென்றே தெரியாத ஒருவனை ஒரு பெண்ணுக்காக அடித்துவிடுகிறான். அந்த ஓர் அடியிலிருந்து மீதிப் படம் முழுவதும் ஓடுகிறது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய கதைதான். ஆனால் ஒவ்வொரு சண்டையும் முந்தைய சண்டையின் விளைவு. மெல்லிய கதை பலவீனமான கதையாகிவிடாது என்பதற்கு அந்தப் படமே சான்று.

‘வலிமை’யில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. சங்கிலிப் பறிப்பு, போதைப்பொருள், வேலையின்மை, தற்கொலை, இணையத்தின் இருட்டு மூலைகள், அண்ணனின் குடி, அம்மாவின் கண்ணீர், தம்பியின் வழிதவறல் என்று ஒவ்வொன்றும் தனிப்படம் ஆகக்கூடிய பொருள்கள் அடுத்தடுத்து வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றையும் வசனம் விளக்குகிறது; விளக்கம் முடிந்ததும் ஒரு துரத்தல் வருகிறது; துரத்தல் முடிந்ததும் மறுபடி விளக்கம். ஏறத்தாழ மூன்று மணி நேர நீளத்தோடு வெளியான படத்திலிருந்து, வந்த சில நாட்களுக்குள் பத்து நிமிடங்களுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். ஒரு கதையில் எதையாவது எடுத்தால் வேறெங்காவது வலிக்க வேண்டும். வெட்டப்பட்ட பிறகு இன்னொரு முறை பார்த்தேன். படம் சற்று வேகமாக நகர்ந்தது. விட்டுப்போனதாக எதுவும் தோன்றவில்லை. பலவீனம் எங்கே என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை.

படப்பிடிப்பு நடந்த விதத்தையும் மறந்துவிடக் கூடாது. 2019 இறுதியில் ஐதராபாத்தில் தொடங்கிய வேலை ஊரடங்கால் நின்று, மீண்டும் தொடங்கி, 2021இல் ரஷ்யாவில் எடுத்த துரத்தல் காட்சியோடு முடிந்தது. இத்தனை இடைவெளியில் ஒரு படத்தின் மனநிலையைக் கட்டிக்காப்பது யாருக்கும் எளிதன்று.

கீழே விழும் உடல்

2021 டிசம்பரில் படக்குழு ஒரு காணொளியை வெளியிட்டது. முன்சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டிவரும் அஜித் நிலைதடுமாறிச் சாலையில் விழுகிறார். வண்டி சறுக்கிக்கொண்டு போகிறது. எழுந்து, மறுபடியும் ஓட்டுகிறார். சில விநாடிகள்தான். அந்தக் காணொளியை மதுரையில் பார்க்காத இளைஞர் இல்லை என்று சொல்லலாம். படம் முழுவதிலும் கிடைக்காத ஒன்று அந்தச் சில விநாடிகளில் இருந்தது: விழுந்தவர் யாரென்று நமக்குத் தெரியும், எழுவாரா என்று நாம் பதறினோம், எழுந்தபோது மூச்சுவிட்டோம். கதை வேலை செய்வது இப்படித்தான். விளம்பரத்துக்காக வந்த காணொளியில் விழுதலுக்கு எடை இருந்தது. படத்துக்குள் விழுதல்கள் எடையில்லாமல் போயின.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் படப்பிடிப்பில், காரைப் பறக்கவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் நாம் விசிலடிக்கும் ஒவ்வொரு விழுதலையும் யாரோ ஒருவர் தன் முதுகெலும்பைக் கொடுத்துத்தான் விழுகிறார். அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்கர் அகாதமி ஸ்டண்ட் வடிவமைப்புக்கென்று தனி விருதை அறிவித்தது; 2027இல் வெளியாகும் படங்களுக்கு 2028 விழாவில் முதன்முதலாக வழங்கப்படும். இந்தியாவில் தேசிய விருதுகளில் 2017ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே சண்டைக்காட்சி அமைப்புக்கு விருது தரப்படுகிறது. அகாதமி தேர்ந்தெடுத்த ‘வடிவமைப்பு’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. துணிச்சலைப் பாராட்டுவதோடு நிற்காமல், இந்த விழுதல் இந்தக் கதையில் எதற்காக என்று கேட்க அந்தச் சொல் இடம்தருகிறது. அந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டிய கடமை ஸ்டண்ட் மாஸ்டருக்கு மட்டும் உரியதன்று, திரைக்கதை எழுதுபவருக்கும் உரியது. ‘வலிமை’யில் முதலாமவர் தம் பங்கைச் செய்து முடித்தார்.

சென்ற ஆண்டு வகுப்பில் பேருந்துக் காட்சியை ஒரே ஒரு நிபந்தனையோடு திருத்தி எழுதச் சொன்னேன்: அர்ஜுன் யாரையும் சாகவிடக் கூடாது. ஒரு மாணவி எழுதியதில் அர்ஜுன் ஓட்டுநரிடம் வேகத்தைக் கூட்டச் சொல்லவில்லை, குறைக்கச் சொல்கிறார். வேகம் குறைந்தால் விழுபவன் பிழைப்பான், ஆனால் ஏறுபவர்கள் அதிகமாவார்கள். பேருந்துக்குள்ளே சண்டை இரட்டிப்பாகிறது. சக காவலர்கள் அவரைத் திட்டுகிறார்கள். மூன்றே பக்கம்தான் எழுதியிருந்தாள். அதில் சங்கிலிப் பறிப்பைப் பற்றியோ வேலையின்மையைப் பற்றியோ ஒரு வசனமும் இல்லை.

அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மெக்கானிக் நண்பரின் பட்டறைக்குப் போனேன். முதல் நாள் இரவு விபத்தில் சிக்கிய ஒரு வண்டி முன்னால் நின்றது. கிளட்ச் லீவர் மேல்நோக்கி மடங்கியிருந்தது, இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் தேய்ந்து வெள்ளி போல் மின்னியது. “இடப்பக்கமா விழுந்து ரொம்பத் தூரம் இழுத்துட்டுப் போயிருக்குண்ணே” என்றபடி தேய்ந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். கைப்பிடியின் ரப்பரில் காய்ந்த ரத்தம் இருந்தது. நான் கதையைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

“பிரேக்கப் பிடிக்கச் சொல்றாரா? அப்பன்னா உள்ள மாட்டிக்குவாரேண்ணே. அப்பறம் என்ன ஆச்சு?”